பேரூராட்சி வார்டில் சுயேச்சையாக நிற்பது எப்படி?

கேள்வி இது: "இளம்பிள்ளைப் பக்கம் ஒரு பேரூராட்சியில் இருக்கிறேன். வயது 34, சொந்தமாக ஆறு விசைத்தறி ஓட்டுகிறேன். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக வார்டு உறுப்பினருக்கு நிற்கலாமா என்று யோசனை. எங்கே தொடங்குவது, எவ்வளவு செலவாகும்? ஏற்காட்டில் இருக்கும் மச்சானும் நிற்கப் போவதாகச் சொல்கிறார். இருவருக்கும் ஒரே விதிதானா?"

பேரூராட்சிக்கும் ஊராட்சிக்கும் ஒரே விதி இல்லை. மச்சான் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்களுடையது.

முதலில் நாள்கணக்கு, சுயேச்சைகள் ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான். 2022-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜனவரி 26 மாலை தேர்தல் அறிவிப்பு. 28-ல் மனுத் தாக்கல் தொடக்கம், பிப்ரவரி 4 கடைசி நாள், 5 பரிசீலனை, 7 மனுவைத் திரும்பப் பெறும் நாள். சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்குவது அதற்குப் பிறகுதான். 17 மாலை பிரசாரம் ஓய்ந்தது, 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை. ஆக, சின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கக் கிடைப்பது பத்தே நாள். எதிரில் நிற்கும் கட்சிக்காரரின் சின்னமோ மூன்று தலைமுறையாக ஊருக்குத் தெரிந்தது. எனவே சின்னம் தவிர்த்த எல்லா வேலையும் அறிவிப்பு வரும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அதற்காக இப்போதே பேனர் அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். 2022 மார்ச் 2-ல் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. ஆனால் காலம் முடிந்தவுடன் தேர்தல் வரும் என்று எண்ணியவர்கள் முன்பு பட்ட பாடு ஊரறிந்தது. 2011-ல் வந்த மன்றங்கள் 2016 அக்டோபரில் கலைந்தன. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் வந்தது 2022-ல். இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கும் மேல், மன்றத்துக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. 2016-ல் கடன் வாங்கிச் செலவு செய்தவர்கள் வட்டிதான் கட்டினார்கள். முன்கூட்டிச் செலவழிக்க வேண்டியது கால் உழைப்பை மட்டும்தான், காசை அல்ல.

இரண்டு விஷயம் உங்கள் கையில் இல்லை. ஒன்று இடஒதுக்கீடு. தமிழ்நாட்டில் பாதி வார்டுகள் பெண்களுக்கு. அது போக மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு. எந்த வார்டு யாருக்கு என்பது அரசிதழில் வரும்வரை யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். வார்டு பெண்களுக்குப் போய்விட்டால் மனைவியை நிறுத்திவிட்டு நாமே பார்த்துக்கொள்ளலாம் என்பது பலருடைய கணக்கு. மன்றக் கூட்டத்தில் உட்காரவோ கையெழுத்துப் போடவோ கணவருக்கு உரிமை கிடையாது. உண்மையிலேயே வேலை செய்யும் விருப்பம் மனைவிக்கு இருந்தால் மட்டும் அந்தப் பேச்சை எடுங்கள். இன்னொன்று, ஊரின் தரமே மாறுவது. பக்கத்து இடங்கணசாலையும் தாரமங்கலமும் 2021-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆயின. அப்படி மாறினால் வார்டு எல்லை, டெபாசிட், செலவு வரம்பு மூன்றும் மாறும்.

சொந்த வார்டு கைவிட்டுப் போனாலும் வழி அடைபடாது. அந்தப் பேரூராட்சியின் ஏதாவது ஒரு வார்டில் வாக்காளராக இருந்து, 21 வயது முடிந்திருந்தால், வேறு வார்டிலும் நிற்கலாம். முன்மொழிபவர் மட்டும் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும்.

இனி முக்கியமான வேலைக்கு வருவோம்: வாக்காளர் பட்டியல். மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகப் பட்டியல் தயாரிப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலை எடுத்துத் தெருவாரியாக வார்டுகளுக்குப் பிரிக்கிறது. பிரிக்கும் இடத்தில்தான் கோளாறு. ஒரே தெருவின் இடப்பக்க வரிசை ஆறாவது வார்டிலும் வலப்பக்க வரிசை ஏழாவதிலும் போய் விழும். பழைய கதவு எண்ணிலேயே இருக்கும் சந்து மொத்தமாக அடுத்த வார்டுக்குப் போய்விடும். நீங்கள் ஐந்து வருஷமாகத் தண்ணீர்க் குழாய்க்கு அலைந்து கொடுத்த வீடு, பட்டியலில் உங்கள் வார்டிலேயே இல்லை என்பது வாக்குப்பதிவு நாளில் தெரிந்தால் என்ன பயன்? வார்டுவாரி வரைவு வெளியானதும் முதல் நாளே ஒரு படி வாங்கி, தெருவில் நடந்து, வீட்டையும் பட்டியலின் வரியையும் ஒத்துப் பாருங்கள். வார்டு மாறி விழுந்ததைப் பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுங்கள். பெயரே இல்லாதவர்களுக்கு அங்கே வழியில்லை, சட்டமன்றப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும்: புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் பெயர் விடுபட்டவர்கள் உங்கள் தெருவிலும் இருக்கலாம். அவர்களை இப்போதே கண்டுபிடியுங்கள்.

கணக்குக்கு உங்கள் வார்டில் 1,000 வாக்காளர் என்று வையுங்கள். வீட்டுக்கு மூன்று நான்கு பேர் என்றால் ஏறக்குறைய 300 வீடு. 2022-ல் பேரூராட்சிகளில் பதிவான வாக்கு மாநில அளவில் 74 விழுக்காட்டுக்கும் மேல் (மாநகராட்சிகளில் 52-தான், சின்ன ஊரில் ஜனம் வந்து போடும்). அப்படியானால் 740 வாக்கு விழும். நேருக்கு நேர் என்றால் 371 வேண்டும். நான்கு பேர் சமபலத்தில் நின்றால் 260, 280 வாக்கிலேயே வென்றுவிடலாம். டெபாசிட் காக்க ஆறில் ஒரு பங்கு, அதாவது 124. இந்த எண்களை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பொதுக்கூட்டம் போட்டுப் பிடிக்கிற எண்ணிக்கை அல்ல இது. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய எண்ணிக்கை.

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கதவு எண், பட்டியலில் உள்ள பெயர்கள், அவற்றில் இறந்தவர் யார், கல்யாணமாகிப் போனவர் யார், திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பவர் யார், வாக்குக்கு ஊர் வருவாரா, வீட்டுக்காரர் பகல் ஷிப்டா ராத்திரி ஷிப்டா, வீட்டின் குறை என்ன. ஒரு மாலைக்குப் பத்து வீடு, முப்பது மாலையில் ஒரு சுற்று முடியும். இந்தச் சுற்றில் "எனக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று வாயைத் திறக்க வேண்டாம். "பட்டியலில் உங்க வீட்டில் யார் பேராவது விட்டுப் போயிருக்குதுங்களா?" என்று கேளுங்கள். வேலையோடு வாசலுக்கு வந்தவருக்குத் திண்ணையில் இடம் கிடைக்கும். ஓட்டுக்கு வந்தவருக்குக் கும்பிடு மட்டும்தான் கிடைக்கும்.

தறிக்காரர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் பலர் செய்யும் தப்பு: தறி ஓடும்போது பட்டறைக்குள் போய் நோட்டீஸ் நீட்டுவது. எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தில் காதருகே கத்தினாலும் பாதி வார்த்தைதான் விழும். ஓட்டுகிறவர் கண் பாவில் இருக்கும், ஒரு இழை அறுந்தால் கூலி போகும். ஷிப்ட் மாறும் நேரம், மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள், வாரக் கூலி வாங்கிவிட்டு டீக்கடையில் நிற்கும் நேரம், இவைதான் பேச ஏற்றவை. தார் (ஊடை நூல்) சுற்றும் பெண்களும் புடவை மடிக்கும் பெண்களும் வீட்டு வாசலிலேயே வேலை செய்வார்கள். வீட்டின் நான்கு வாக்கும் பெரும்பாலும் அந்த வாசலில்தான் முடிவாகிறது. அங்கே பேச உங்கள் அம்மாவோ அக்காவோ கூட வரட்டும்.

அடுத்தது மனு. தோற்றவர்களைவிடப் பரிசீலனையில் தள்ளுபடியானவர்கள்தான் என்றைக்கும் ஆறமாட்டார்கள், ஏனென்றால் காரணம் எப்போதும் அற்பமாக இருக்கும். பேரூராட்சிக்கு நிலுவை இருந்தால் தகுதி போய்விடும். நோட்டீஸ் வந்து கெடு தாண்டிய சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், தொழில்வரி, பேரூராட்சிக் கடை வாடகை எல்லாம் இதில் அடங்கும். வீட்டு வரியைக் கட்டியவர்கள் தறிப்பட்டறைக்குத் தனி வரி எண் இருப்பதை மறந்துவிடுவார்கள். அப்பா பெயரில் ரசீது இருந்தாலும் கட்டிவிடுங்கள், வாதாடும் நேரம் அது அல்ல. நிலுவை இல்லை என்ற சான்றை மனுத் தாக்கல் தொடங்குவதற்கு முன்பே வாங்குங்கள். தொடங்கியபின் அந்த மேஜை முன்னால் ஊரே நிற்கும். பேரூராட்சியில் உங்கள் பெயரில் ஒப்பந்த வேலை நடப்பில் இருந்தாலும் தகுதி இல்லை.

முன்மொழிபவர் விஷயத்தில் எச்சரிக்கை. அவர் அதே வார்டில்தான் இருக்கிறாரா என்பதை வீட்டை வைத்துப் பார்க்காமல் புதிய பட்டியலின் பாக எண், வரிசை எண் வைத்துப் பாருங்கள். ஒருவர் ஒரு வேட்பாளரைத்தான் முன்மொழியலாம். தாட்சண்யத்துக்காக இன்னொருவருக்கும் கையெழுத்துப் போட்டுவிடும் பெரியவரைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் பெயரும் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே மனுவில் இருக்க வேண்டும். பட்டியலில் தலைப்பெழுத்து இல்லையா, அல்லது தப்பாக இருக்கிறதா, படிவம் 8 போட்டு இப்போதே திருத்துங்கள்.

உறுதிமொழிப் பத்திரத்தில் வழக்குகள், உங்கள் சொத்து, மனைவி சொத்து, சார்ந்திருப்போர் சொத்து, கடன், படிப்பு எல்லாம் கேட்டிருக்கும். எந்தக் கட்டத்தையும் காலியாகவோ கோடு போட்டோ விடாதீர்கள், "இல்லை" என்று எழுதுங்கள். தறிக்கடன், நகைக்கடன் பாக்கியை வங்கியில் கேட்டு அன்றைய தொகையை எழுதுங்கள். நோட்டரி முத்திரை எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி நாள் மதியம் போகவே போகாதீர்கள். இரண்டாம் நாள் காலையில் கொடுத்தால், குறை இருந்தால் சொல்லுவார்கள், திருத்திக் கொடுக்க நாள் இருக்கும். பரிசீலனையன்று நேரில் இருங்கள்.

பேரூராட்சி வார்டுக்கு 2022-ல் டெபாசிட் 1,000 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 500. நகராட்சி என்றால் 2,000, மாநகராட்சி என்றால் 4,000. செலவு வரம்பு பேரூராட்சி வார்டுக்கு 17,000 ரூபாய், சிறிய நகராட்சிகளில் 34,000, சேலம் மாதிரி மாநகராட்சி வார்டில் 85,000. அடுத்த தேர்தலுக்கு இவை மாறலாம், அறிவிப்போடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

17,000 போதுமா என்று கேட்பீர்கள். 300 வீட்டுக்குத் தாராளமாகப் போதும், வழக்கமான வழியில் செலவழிக்காமல் இருந்தால். சின்னம் வந்த அன்று ராத்திரியே துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும், ஒரு வீட்டுக்கு மூன்று தடவை கொடுக்கக் கணக்கிட்டு 1,000 படி போதும். அதில் அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர், முகவரி, எத்தனை படி என்பது இருந்தே ஆக வேண்டும். ஐந்து நாள் ஆட்டோவும் ஒலிபெருக்கியும், காவல் நிலைய அனுமதியோடு. வாக்குப்பதிவு நாளில் ஆட்களுக்குச் சாப்பாடு. சுவரெழுத்து வேண்டாம், பொது இடத்தில் வழக்காகும். தனியார் சுவரில் எழுதினால் அந்த வீட்டுக்காரரின் பங்காளி வாக்கு போகும். மாலை, பட்டாசு, பத்து பைக் ஊர்வலம், இவைதான் வரம்பை ஒரே நாளில் விழுங்குபவை, ஒரு வாக்கும் கொண்டு வருவதில்லை.

மனுத் தாக்கல் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை ஒவ்வொரு செலவையும் அன்றன்றே ரசீதோடு எழுதுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஜெயித்தவர்கள் கொண்டாட்டத்திலும் தோற்றவர்கள் சலிப்பிலும் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் மூன்று வருஷம் எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாது. கடைசி இரண்டு ராத்திரி எதிர்த்தரப்பு பணம் கொடுத்தால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். நீங்களும் கொடுத்தால் அது குற்றம், தேர்தலே செல்லாமல் போகலாம். அதைவிட, 300 வீட்டில் யார் வாங்கினார் யாருக்கு விட்டுப்போனது என்பதில்தான் பாதிச் சண்டையே வரும். முப்பது மாலை நடந்தவருக்கு, பணம் வாங்கியும் மாற்றிப் போடும் வீடுகள் எப்போதும் சில இருக்கும்.

சின்னம் கேட்கும்போது, தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற, வாயில் சட்டென வருகிற பொருளைக் கேளுங்கள். ஒரே சின்னத்தை இரண்டு சுயேச்சைகள் கேட்டால் குலுக்கல்தான், எனவே இரண்டாவது மூன்றாவது விருப்பத்தையும் யோசித்து வையுங்கள். உங்கள் பெயரிலேயே இன்னொருவரை நிறுத்துவது பழைய வேலை. 20 வாக்கு வித்தியாசத்தில் முடிகிற வார்டில் அது வேலை செய்யும். அப்படி ஒருவர் வந்தால், துண்டறிக்கையில் பெயரைவிடச் சின்னத்தையும் இயந்திரத்தில் உங்கள் வரிசை எண்ணையும் பெரிதாகப் போடுங்கள்.

வாக்குப்பதிவு நாளில், இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு முன்பே உங்கள் முகவர் சாவடியில் இருக்க வேண்டும். மாதிரி வாக்குகளை அழித்த பிறகு இயந்திரம் பூஜ்யம் காட்டுவதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. முடிவில் மொத்தம் எத்தனை வாக்கு என்பதைக் குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும். முகவராகச் சொந்தக்காரப் பையனை உட்கார வைக்காமல், தெரு முழுக்கத் தெரிந்த ஒருவரை வையுங்கள். செத்தவர் பெயரில் வருகிறவரை அவரால்தான் அடையாளம் காண முடியும். நோட்டை வைத்துக்கொண்டு வெளியே ஒருவர், மதியம் இரண்டு மணிக்கு இன்னும் வராதவர்களைக் குறித்து, ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்களை எழுப்பி அனுப்ப வேண்டும். எண்ணிக்கை மேஜையில் உங்கள் வார்டு சில நிமிஷத்தில் முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் முடிவை அறிவிக்கும் முன்பே மறு எண்ணிக்கை எழுத்தில் கேட்க வேண்டும். அறிவித்தபின் நீதிமன்றம்தான். சம வாக்கு என்றால் குலுக்கல்.

என்ன வாக்குறுதி கொடுப்பது? உறுப்பினர் கையில் தனி நிதி எதுவும் கிடையாது. மன்றக் கூட்டத்தில் பொருள் வைத்து, தீர்மானம் ஆகி, செயல் அலுவலர் மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்தப்புள்ளி போய்த்தான் ஒரு சாக்கடை வரும். தெருவிளக்கு, குழாய் நேரம், குப்பை வண்டி, அடைப்பு எடுப்பது, இவை விடாமல் கேட்டால் நடக்கும். சாலையும் வடிகாலும் நிதி வரும் திட்டத்தைப் பொறுத்தது. நமக்கு நாமே திட்டத்தில் ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். வியாபாரிகள் உள்ள ஊருக்கு அது நல்ல வழி. வீட்டுவரியைக் குறைப்பேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2022 ஏப்ரலில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், பெரிய வீடுகளுக்கு அதற்கு மேலும் உயர்த்தியது மாநில அரசின் முடிவு. பிப்ரவரியில் "வரி ஏறாது" என்று சொல்லி ஜெயித்தவர்கள் ஏப்ரலில் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ஜெயித்தால் கிடைக்கும் மதிப்பூதியம் மாதம் 2,500 ரூபாய், 2023-லிருந்து. ஒரு தறி நின்றால் போகும் கூலிக்குக்கூட அது ஈடாகாது என்பதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

வென்ற சில நாளில் தலைவர் தேர்தல் வரும். பேரூராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். 15 பேர் மன்றத்தில் இரண்டு சுயேச்சைகள் கையில்தான் சாவி இருக்கும் என்றால் வீட்டு வாசலில் கார் நிற்கும். அன்று கேட்க வேண்டியது உங்கள் வார்டின் வடிகாலா, துணைத் தலைவர் பதவியா என்பதை இப்போதே யோசித்து வையுங்கள். அப்போது யோசிக்க ஒரு ராத்திரிதான் இருக்கும்.

இனி மச்சான். ஏற்காடு சுற்றுலா ஊர் என்பதால் பேரூராட்சி என்றே பலர் நினைக்கிறார்கள். 2019 தேர்தலில் அது ஊராட்சி. 2025 தொடக்கத்தில் அதைப் பேரூராட்சி ஆக்கும் அறிவிப்பு வந்தது, இப்போதைய நிலையை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். பேரூராட்சி ஆகியிருந்தால் உங்கள் விதிதான் அவருக்கும். 2019-ல் ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள், அதில் ஒன்று ஏற்காடு. ஊராட்சியாகவே இருந்தால் அங்கே 1994-ம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம். வாக்காளருக்கு நான்கு வாக்கு, இயந்திரம் இல்லை, சீட்டுதான்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது, தலைவரையே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்களைவிட அவருக்கு அது சாதகம். 2019 கணக்கில் வார்டுக்கு டெபாசிட் 200, செலவு வரம்பு 9,000. தலைவருக்கு 600, வரம்பு 34,000. அந்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள்.

மலையில் குக்கிராமங்கள் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஒரு மாலைக்குப் பத்து வீடு அங்கே நடக்காது, நான்கு நடந்தால் பெரிது. சீட்டில் முத்திரை குத்துவதை வயதானவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இரண்டு சின்னத்துக்கு நடுவில் குத்தினாலோ, கையெழுத்துப் போட்டாலோ, விரல்ரேகை பதித்தாலோ செல்லாது. நான்கு சீட்டு என்பதால் இது நடக்கும்.

அவர் மலையாளிப் பழங்குடி (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் சமூகம்), பழங்குடியினருக்கான இடத்தில் நிற்க நினைக்கிறார் என்றால், சாதிச் சான்று தாசில்தார் தரமாட்டார், கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பழைய கைச்சான்று மட்டும் இருந்தால் அதை நம்பி இருக்க வேண்டாம். விசாரணை, அப்பா வழிச் சான்று என்று மாதக்கணக்கில் இழுக்கும். மனுத் தாக்கலுக்கோ ஒரு வாரம்தான் கிடைக்கும். அறிவிப்புக்குக் காத்திராமல் இந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.